மாதிரி வீட்டில் ஏலக்காய் வாசனை

நேற்று காலை கைபேசிக்கு ஒரு விளம்பரக் காணொளி வந்தது. ட்ரோனைப் பறக்கவிட்டு மேலேயிருந்து எடுத்திருக்கிறார்கள். வேப்பம்பட்டுப் பக்கம் ஏதோ ஒரு வில்லா வரிசை. பட்டுப்புடவை கட்டிய பெண்ணொருத்தி மொட்டைமாடித் தோட்டத்தில் காபி ஊற்றுகிறாள். கணவர் செய்தித்தாள் படிக்கிறார். "வெளியூரிலிருந்து குடிபெயர்ந்து வருவோருக்காகவே, நகரின் நடுநாயகமாக, மக்கள் வாழ்ந்து செழித்த சுற்றுப்புறத்தில் சொகுசு இல்லங்கள்" என்று ஒரு குரல் குழைகிறது. எந்த நகரம் என்று கேட்டுவிடாதீர்கள். ரயில் நிலையம் கூப்பிடு தூரமாம். யார் நின்று கூப்பிட்டுப் பார்த்தார்களோ தெரியாது.

"காலங்காத்தால பட்டுப்புடவை கட்டிக்கிட்டு யாரு வீட்டுல காபி ஊத்துறாங்க?" என்று கேட்டாள் என் மனைவி. எனக்குத் தெரியும் என்று வாய் வரை வந்தது. அவளிடம் சொன்னால் நடுவில் குக்கர் கூவும், கதை நின்றுவிடும். உங்களுக்குப் பொறுமை உண்டு, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

படித்து முடித்ததும் எனக்கு முதலில் வேலை கொடுத்தவர் ஒரு வீட்டுமனை வியாபாரி. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் அவர் போட்ட மனைப்பிரிவுக்கு ராஜமகுடம் கார்டன் என்று பெயர். ராஜாவும் கிடையாது, மகுடமும் கிடையாது. கார்டன் என்றால் நெல்லறுத்த தாள்கூட இன்னும் மக்காத வயல். அதில் வெள்ளையடித்த கற்களை நட்டுவைத்திருந்தோம். எனக்கு சேல்ஸ் எக்சிகியூட்டிவ் என்று பட்டம், கூடவே ஒரு டை. முடிச்சுப் போடத் தெரியாததால், சித்தப்பா மகன் ஒருமுறை போட்டுக் கொடுத்த முடிச்சை அவிழ்க்காமலேயே வேலையிலிருந்த காலம் முழுக்கத் தலைவழியாக மாட்டிக் கழற்றினேன். அந்த வெயிலில் டை கட்டிய ஒரே ஜீவன் நான்தான். மாடுகள்கூட நின்று பார்த்துவிட்டுப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வேன் வரும். வேனிலேயே நாஷ்டா. நம் ஜனங்களுக்கு ஒரு பண்பு உண்டு. ஒருவர் வாங்கிக் கொடுத்த பொங்கலைத் தின்றுவிட்டு முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல வராது. எங்கள் தொழிலின் அஸ்திவாரமே அந்தப் பொங்கல்தான்.

முதலாளிக்கு ஆந்திர எல்லையோரம் சொந்த ஊர். பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லோரையும் 'நைனா' என்பார். ஊர் விட்டு ஊர் வருகிறவர்களின் மனசு அவருக்கு அத்துப்படி. "காலி எடத்தப் பார்த்தா ஜனங்க பயந்துக்கும் நைனா. ஆளு இருக்கணும். கொடியில துணி காயணும். அடுப்புல இன்னாமோ கொதிக்கணும்" என்பார். ஆகவே மனைப்பிரிவின் முகப்பில் ஒரு மாதிரி வீடு கட்டி, அதற்குள் ஒரு மாதிரிக் குடும்பத்தையும் வைத்தார்.

எஸ்தர் அக்காவும் அவர் கணவர் தாஸ் அண்ணனும்தான் அந்தக் குடும்பம். தாஸ் அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. அவருடைய அப்பா அம்மா இதே நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்கள். வாடகை கிடையாது. அதற்கும் மேலாக முதலாளி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "மனையெல்லாம் வித்து முடிஞ்சதும் இந்த ஊடு உங்களுக்குத்தான். தவணையில கட்டிக்கோங்க." எஸ்தர் அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே இருந்தார். ஒவ்வொரு வெள்ளைக் கல்லும் விற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கமிஷன் வாங்குகிற எனக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

சொகுசு வீட்டில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியமல்ல. உள்ளே பளபளக்கும் சமையலறை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை. கொல்லைப்புறத்தில் மூன்று கல்லை வைத்து விறகில் சோறு பொங்குவார் அக்கா. கட்டில் மெத்தைக்கும் உறை பிரிக்கக் கூடாது, ஆகவே இருவரும் கீழே பாய் விரித்துப் படுத்தார்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதனால் சனிக்கிழமை லாரியில் நல்ல தண்ணீர் வந்து மேல்தொட்டி நிறையும். வாங்க வந்தவர்கள் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "அட, கல்கண்டு!" என்பார்கள். மற்ற நாளில் அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு நடப்பார். வெள்ளிக்கிழமை முதலே கருவாட்டுக்குத் தடை. பழவேற்காட்டிலிருந்து இறால் கொண்டுவரும் அம்மாவுக்கு அந்தத் தெருவே தடை.

ஞாயிறு காலை அக்கா பட்டுப்புடவை கட்டுவார். முதலாளியம்மா கட்டி அலுத்தது. பாலில் ஏலக்காயைத் தட்டிப்போட்டு, வேன் திரும்பும்வரை அடுப்பில் கொதிக்கவிட வேண்டும். குடிப்பதற்கு இல்லை, வாசனைக்கு. இன்றைக்கும் யாராவது ஏலக்காய் டீ கொடுத்தால், எனக்கு எதையாவது விற்கப் போகிறார்களோ என்று கை தானாகப் பையைத் தடவும்.

சாமிப் படங்கள் என் இலாகா. வேன் புறப்பட்டதும் டிரைவர் போன் செய்வார். "நாமம் போட்டவங்க ரெண்டு பேரு, பட்டை ஒருத்தரு" என்பார். நான் பெருமாளை மாட்டுவேன். சிலுவைச் சங்கிலி தெரிந்தால் பெருமாள் இறங்கி இயேசு ஏறுவார். எல்லாரும் கலந்து வந்தால் அருவிப் படம். அருவிக்கு எந்த மதத்திலும் விரோதி கிடையாது. அக்காவின் சொந்த இயேசு படம் பெரும்பாலான ஞாயிறுகளில் அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவில் இருக்கும். ஒருநாள் எனக்கே சங்கடமாகி, "கஷ்டமா இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"அவரு கோச்சிக்க மாட்டாரு தம்பி. பொறந்ததே அடுத்தவன் கொட்டாயில. இந்த ஊடு நம்பளுதாவட்டும், மொத ஆணி அவருக்குத்தான் அடிப்பேன்" என்று சிரித்தார்.

இப்படி விற்று விற்று, கடைசியில் சில மனைகளே மிச்சமிருந்தன. அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மும்பையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், நம் பக்கம் வந்து குடியேற இடம் தேடுகிறவர்கள். நான் டையை இழுத்துவிட்டுக்கொண்டு மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். இருபத்துநாலு மணி நேரக் குடிநீர், வரப்போகும் பள்ளிக்கூடம், வரப்போகும் ஆஸ்பத்திரி, வரப்போகும் மேம்பாலம். அந்த அம்மா காது கொடுக்கவேயில்லை. நேராக எஸ்தர் அக்காவிடம் போய், "நீங்க இங்க சந்தோஷமா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

எங்கள் பாடத்திட்டத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டது.

"எங்க ஊட்டுக்காரருக்கு மில்லுல நைட்டு ஷிப்டும்மா. அங்க சத்தம் காத ஒடச்சிடும். காலைல வந்து இந்த ஜன்னலாண்ட படுத்துக்குவாரு. அப்டியே ஏரிக் காத்து வரும். தூங்கிக்கினே சிரிப்பாரும்மா. கண்ணாலமாகி இத்தினி வருசத்துல அவரு தூக்கத்துல சிரிச்சி நான் பார்த்ததே இல்ல. இந்த ஊட்டுக்கு வந்தப்புறந்தான்."

ராஜமகுடம் கார்டனில் யாரும் யாருக்கும் சொன்ன ஒரே உண்மை அதுதான். அந்த அம்மா ஜன்னலருகே போய் நின்றார். கணவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். அவருக்குப் பல வருடமாகச் சரியான தூக்கமில்லை என்று வரும் வழியில் வேனில் பேசிக்கொண்டதை டிரைவர் என்னிடம் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் வெளியே வந்து முதலாளியிடம் பேசினார்கள். "எங்களுக்கு மனை வேண்டாம். கட்டிக்கிட்டு அலைய வயசில்லை. இந்த வீட்டையே குடுத்துடுங்க."

அக்காவுக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லி மறுத்துவிடுவார் என்று நம்பியபடி முதலாளி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது சின்ன வயசு. "உங்களுக்கு இல்லாததா?" என்றார் அவர்.

சமையலறை வாசலில் நின்ற எஸ்தர் அக்காவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. விற்பனை ஆகிவிட்டது என்று மட்டும் எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். சிரித்துக்கொண்டே வந்து, "போயிடுச்சா தம்பி? எது, மூல மனையா?" என்று கேட்டார். நான் குனிந்து டையைச் சரிசெய்தேன். முதலாளிதான் சொன்னார். "எழுதியா குடுத்தேன் நைனா? வேற எடம் பார்க்கலாம்" என்று என்னிடமே சமாதானமும் சொன்னார்.

அக்கா அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவரோ உள்ளே போய்ப் பட்டுப்புடவையை மாற்றி, மடித்துக் கொண்டுவந்து முதலாளியின் மேசைமேல் வைத்தார். அந்த வாரமே சாமான்களைச் சின்ன வண்டியில் ஏற்றினார்கள். மும்பை அம்மாவுக்கு இந்த வாக்கு விவகாரம் எதுவும் தெரியாது. நல்ல மனசோடுதான், "நீங்களே இங்க வீட்டு வேலைக்கு வந்துடுங்களேன்" என்றார்.

"வாணாம்மா. ஊட்டப் பெருக்கிக்கினே இருக்கசொல்லோ, மறந்துபோயி என் ஊடுன்னு நெனச்சிக்குவேன்" என்றார் அக்கா.

அடுத்த மாதம் நானும் வேலையை விட்டேன். வீரமெல்லாம் இல்லை. விற்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

போன மாதம் பொன்னேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அந்த வழியாகத் திரும்பினேன். அன்று நாங்கள் பொய்யாகச் சொன்னதெல்லாம் இப்போது நிஜமாகிவிட்டது. வளைவு, இரும்புக் கேட், மாடிக்கு மேல் மாடி. வயல் இருந்ததற்கு அடையாளமே இல்லை. இறால்காரம்மா இல்லை, கொடியில் துணி இல்லை, எல்லா ஜன்னலிலும் ஏசிப் பெட்டி. அந்த நாளில் தண்ணீர் லாரிக்காரர் முதல் வேன் டிரைவர் வரை எல்லோரும் மாதிரி வீட்டுக்கு ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். கேட்டில் காவலுக்கு இருந்தவர் வண்டியை நிறுத்தி, "எந்த ஊட்டுக்கு சார்?" என்று கேட்டபோது, யோசிக்காமல் அந்தப் பெயரே என் வாயில் வந்துவிட்டது.

"எஸ்தர் வீடு."

அவர் நல்ல மனிதர். உடனே துரத்தாமல், உள்ளேயிருந்த இன்னொருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். பிறகு திரும்பி வந்து சொன்னார்.

"இங்க அப்டி யாரும் இருந்ததே இல்ல சார்."