தோல் மட்டும் பார்க்கும் ட்வைலா

ட்வைலா க்ராஸ் டாக்டர் இல்லை; டாக்டருக்கு ஒரு படி கீழே, ஃபிசிசியன் அசிஸ்டென்ட். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊர் கிளினிக்கில் காய்ச்சலுக்கும் அவள்தான், மாடு உதைத்த காலுக்கும் அவள்தான். முன்மேசையில் உட்கார்ந்து ஆட்களை உள்ளே அனுப்புவது என் வேலை.

அவளுக்கு மேலே ஒரு டாக்டர் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த டாக்டர் எதற்கு வைத்தியம் பார்ப்பாரோ அதற்கு மட்டும்தான் அவளும் பார்க்கலாம். பல வருஷம் ஓல்சன் டாக்டர் பெயர் இருந்தது. மீன் பிடிக்கப் போகும் வழியில் கிளினிக் கழிப்பறைக்கு வருவார், போவார். சட்டத்துக்கு அது போதுமாம்! அவர் செத்ததும் ட்வைலா ஊர் ஊராகக் கெஞ்சினாள். ஒமாஹாவில் ஒருத்தர்தான் சம்மதித்தார். தோல் டாக்டர். அன்றிலிருந்து ட்வைலாவுக்குத் தோலைத் தவிர எல்லாம் மறந்துவிட்டதாக அரசாங்கம் முடிவு செய்தது.

எங்கள் ஆட்கள் சளைத்தவர்களா? எல்லா நோயும் தோலுக்கு வந்துவிட்டது.

"இருமுனா தொண்டைக்கு மேல இருக்குற தோலு வலிக்குது, ட்வைலா" என்பான் என் அண்ணன் வெர்ன்.

"களிம்பு தர்றேன், முழுங்கிடு" என்பாள் அவள். திட்டிக்கொண்டே நெஞ்சில் குழாயை வைத்துப் பார்ப்பாள்.

சர்க்கரை பீட் கிழங்கு அறுவடையின்போது ஒரு நாள் வெர்ன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தான். தோல் என்று பொய் சொல்லக்கூட மூச்சு இல்லை. ட்வைலா யாரையும் கேட்கவில்லை. இதயத் துடிப்பைப் படமெடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், ஹெலிகாப்டரை வரவழைத்தாள். பிழைத்துக்கொண்டான்.

பிழைத்தவன் சும்மா இருந்தானா? இங்கே யார் உதவினாலும் வாரப் பத்திரிகையில் நன்றி அறிவிப்பு போடுவது வழக்கம். "என் இதயத்தைக் காப்பாற்றிய ட்வைலாவுக்கு" என்று, அவள் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்துவிட்டான். மடையன்! யாரோ ஒரு புண்ணியவான் அதை வெட்டி மேலிடத்துக்கு அனுப்பினான். விசாரணை என்றதும் தோல் டாக்டர் தன் பெயரை உருவிக்கொண்டார். கிளினிக்குக்குப் பூட்டு.

"நாக்க அறுத்துக்கலாம் போல இருக்கு" என்று அழுதான் வெர்ன்.

"அதையும் நான் தைக்கக் கூடாதுடா. நாக்கு தோல் கணக்குல வராது" என்றாள் ட்வைலா, பெட்டியைக் கட்டிக்கொண்டே.

எல்லைக்கு அப்பால், பக்கத்து மாநிலமான வயோமிங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எந்த டாக்டர் பெயரும் வேண்டாம். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மறந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டதாக்கும்! எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஜனவரியில் வெர்னுக்கு மறுபடியும் வலி வந்தது. பனியில் ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். ட்வைலாவுக்கு போன் போட்டுவிட்டு நானே வண்டியை எடுத்தேன். பூட்டிய கிளினிக்கைத் தாண்டித்தான் போனோம்.

"அவகிட்ட போயிடலாம்ல, பெவ்?"

"போயிடலாம்ணே. கண்ண மூடாத."

வயோமிங் பலகை தெரிந்தபோது அவன் தலை என் தோளில் சரிந்தது; பலகைக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டேன். எல்லையில் காத்திருந்த ட்வைலா கோட்டைத் தாண்டிப் பனியில் ஓடிவந்து அவனை இறக்கி, நெஞ்சை அழுத்தி அழுத்தி, ஓய்ந்து உட்கார்ந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவன் செத்துவிட்டான் என்று சொல்லும் அதிகாரம்கூட கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளுக்கு இல்லை. நான்தான் சொன்னேன்.