நீர்யானை போட்ட வழி

கழியைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, பனைமரத்தின் தலைக்கு மேல் சூரியன் வருகிறதா என்று பார்த்தபடி நிற்பார் கெபோன்யே அண்ணன். வந்தால்தான் படகு நகரும். அதுவரை, ஏறி உட்கார்ந்த வெள்ளைக்காரர்கள் கொசுவுக்குத் தீனி போட வேண்டியதுதான்.

ஒகவாங்கோ ஆற்றுச் சதுப்பில் நாணலுக்கு நடுவே நாங்கள் படகு தள்ளும் வழியெல்லாம் நீர்யானை போட்ட வழி. ராத்திரி கரையேறிப் புல் மேய்ந்துவிட்டு, விடிந்ததும் அதே வழியாகத் தண்ணீருக்குத் திரும்பும். "ரோடு போட்டுக் குடுத்ததே அவரு. அவரு வீட்டுக்குப் போற நேரத்துல நாம குறுக்க போகலாமா?" என்பார் அண்ணன். நீர்யானை அவருக்கு எப்போதும் 'அவரு'தான்.

நாற்பத்தாறு வயது, ஆறடி உயரம், செருப்புத்தோல் மாதிரி உள்ளங்கை. பயந்தாங்கொள்ளி. நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். தண்ணீரில் நாலு குமிழி கிளம்பினால் போதும், படகை நாணலுக்குள் சொருகிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார். "அண்ணனுக்குத் தவளை கத்தினாலே காய்ச்சல்தான்" என்று துறையில் கேலி செய்வோம். "சிரிங்கடா, நல்லா சிரிங்க. இருபத்திரண்டு வருஷமா என் படகுல ஏறினவங்க எல்லாரும் முழுசா இறங்கியிருக்காங்க" என்று பொரித்த ரொட்டி உருண்டையை வாயில் போட்டுக்கொள்வார்.

போன வாரம் டென்மார்க்கிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். யெஸ்பர், மாரித். தீவில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டுத் திரும்பும் நாள். மவுன் நகரத்துக்குப் போய் விமானத்தைப் பிடிக்க வேண்டும். யெஸ்பருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மரத்தைப் பார்த்துக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? இவ்வளவு பயம்னா இந்த வேலைக்கு ஏன் வந்தீங்க?"

பின்னால் மூட்டை ஏற்றிய படகில் இருந்த நான், என் கெட்ட புத்தி, சிரித்துவிட்டேன். அண்ணன் யெஸ்பரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். சட்டென்று கழியைப் பிடுங்கிப் படகைத் தள்ளினார். சூரியன் பனையின் பாதி உயரம்கூட ஏறியிருக்கவில்லை.

இரண்டாவது வளைவில் நாணல் முறியும் சத்தம். இடது கரையிலிருந்து அது இறங்கியது. இரண்டு கழி நீளம்தான் தூரம். கடைவாயில் புல் தொங்கியது. அண்ணன் படகை நாணலுக்குள் சொருகினார், நானும் சொருகினேன். மாரித் அலற வாய் திறந்தாள். அண்ணன் குனிந்து உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினார்.

"அசையாதீங்க. செத்த மாதிரி இருங்க."

அது நின்றது. காதை ஆட்டியது. எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தது. ஐயோ, அந்தப் பல்! என் ஒரு சிரிப்பால் மூன்று பேர் சாகப்போகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அது முங்கியது. குமிழிகள் வரிசையாக எங்களை நோக்கி வந்தன. அண்ணனின் படகு ஒரு விரல்கடை உயர்ந்து இறங்கியது. குமிழிகள் ஆழத்துப் பக்கம் போயின.

துறை வரும்வரை மாரித் விசும்பிக்கொண்டிருந்தாள். கரையைக் கண்டதும் யெஸ்பருக்கு உயிர் வந்தது. "நீங்க உண்மையிலேயே பெரிய வீரர்!" என்றார்.

"இருங்க, படகைப் பிடிச்சுக்கறேன்" என்று அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தார். படகைப் பிடிக்க அவ்வளவு ஆழத்தில் இறங்கவே வேண்டாம். அவர் கால்சட்டை அதற்கு முன்பே நனைந்திருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்துவிட்டேன்.

நானும் என் படகிலிருந்து இறங்கி, அவர் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றேன். மறைக்க வேண்டிய ஈரம் எனக்கும் இருந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.