மெடிக்கல் கடையில் உரக்கக் கேட்ட மாத்திரை

2007-ஆம் வருஷம். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். தினமும் காலையில் கம்பெனி வேன் ஏறி பட்டாசு ஆலைக்குப் போவேன். பேக்கிங் செக்‌ஷனில் வேலை. என் கை எம்புட்டு வேகமோ, வாய் அதைவிட வேகம் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை.

அப்படிப்பட்டவளுக்கு, வேன் நிற்கிற மேட்டுக்கு ஏறுவதற்குள் மூச்சு முட்ட ஆரம்பித்தது. பட்டாசு மருந்துத் தூசி என்றார்கள். ரத்தம் கம்மி என்றார்கள். டானிக் டானிக்காகக் குடித்தேன். ஒரு நாள் அந்த மேட்டிலேயே மயங்கி விழுந்தேன். வேனில் இருந்த பெண்கள்தான் தூக்கி வந்து வீட்டில் சேர்த்தார்கள். அதோடு வேலை நின்றது.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் நோய் இன்னதென்று தெரிந்தது. நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அழுத்தம் கூடிப்போயிருக்கிறது, அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே இதயத்தின் வலது பக்கம் வீங்கிவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. இப்படியே விட்டால் இதயம் ஓய்ந்துவிடும், அப்புறம் மாற்று உறுப்பு வைப்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். என் மகள் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே இந்த நோய்க்கு ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சி என்றதும், நான் என்ன எலியா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு மாத்திரை இருக்கிறது, அது அந்த ரத்தக்குழாயை விரித்துக் கொடுக்கும், அதைச் சாப்பிட்டால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்கப்போகிறோம் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இதே மாத்திரையை ஆம்பளைங்க வேற ஒரு விஷயத்துக்கும் வாங்குவாங்க. கடையில ஏதாவது சொன்னா கண்டுக்காதீங்க" என்றார். எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி என்று கையெழுத்துப் போட்டேன். வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். அந்தக் கடைசியில் ஒரு ஸ்டூல், இந்தக் கடைசியில் ஒரு ஸ்டூல். இரண்டையும் சுற்றிச் சுற்றி வர வேண்டும். முதல் தடவை நான் பாதி நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது வந்த அழுகை மூச்சு வாங்கியதால் இல்லை. ஓடி ஓடி வேலை பார்த்த காலுக்கு இந்தக் கதியா என்றுதான்.

முதல் மூன்று மாசம் மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஆள் மாறிப்போனேன். நின்று சமைத்தேன், குடத்தைத் தூக்கினேன். அதற்கப்புறம் வெளியே வாங்கிக்கொள்ள வேண்டும், நடைப் பரிசோதனைக்கு மட்டும் வந்தால் போதும் என்றார்கள்.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்தான் வாங்கி வருவார். இரண்டு தடவை வந்தது. பிறகு ஒரு நாள், "கடையில ஸ்டாக் இல்லையாம்" என்றார். அடுத்த நாளும் இல்லை. விருதுநகரிலும் இல்லையாம். கால் மறுபடியும் வீங்கியது. படுத்தால் மூச்சு வரவில்லை, தலையணையை அடுக்கி வைத்துச் சாய்ந்தே கிடந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால், மாத்திரை கிடைக்காத கவலை மாதிரி தெரியவில்லை. வேறு ஏதோ இருந்தது.

"உள்ளதைச் சொல்லுங்க, கடைக்குப் போனீகளா இல்லையா?" என்று கேட்டேன்.

மனுஷன் உடைந்துவிட்டார். "போனா கடைக்கார அண்ணாச்சி சிரிக்கிறாரு. பின்னாடி நின்னவன், அண்ணனுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆச்சோன்னு கேக்கான். டீக்கடையில அம்புட்டுப் பயலும் என்னைப் பாத்து விசில் அடிக்கானுவ. சாத்தூர்ல போய் வாங்குவோம்னா அங்கன உங்க சித்தப்பா நிக்காரு. நான் என்ன புள்ள செய்வேன்?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிக்கவும் மூச்சு இல்லை. அப்புறம் வந்தது பாருங்கள் கோபம், அடிவயிற்றிலிருந்து. நாலு பேர் இளிக்கிறதுக்குப் பயந்து என்னை மண்ணுக்கு அனுப்பப் பார்த்தீகளா என்று கேட்டேன். கேட்கக் கூடாத வார்த்தைதான்.

"வண்டியை எடுங்க" என்றேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை சாயங்காலம், சம்பள நாள். தீபாவளி சீசன் வேறு. பஸ் ஸ்டாப்பில் நிற்க இடமில்லை. மெடிக்கல் கடை வாசலில் ஏழெட்டுப் பேர். எதிரே எங்கள் கம்பெனி வேன், என்னோடு வேலை பார்த்த பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாத்திரையின் பேரைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். கூட்டம் கப்பென்று அடங்கியது.

"அண்ணாச்சி, இந்த மாத்திரை எனக்கு" என்றேன். மூச்சு நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னேன். "இவுகளுக்கு இல்ல. எனக்கு நெஞ்சுல நோவு. இதைப் போட்டாத்தான்..." மறுபடி நின்றது. "...போட்டாத்தான் உசுரோட இருப்பேன். நீங்க சிரிச்சதுல இவுக வாங்காம வந்துட்டாக. இனிமே சிரிக்கணும்னா நான் வரும்போது சிரிங்க. மூச்சு இருந்தா நானும் சேந்து சிரிக்கேன்."

அண்ணாச்சியின் முகம் செத்துப்போயிற்று. கல்லாவை விட்டு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கி வந்து வெளியே போட்டார். "உக்காரு தாயி. நான் ஒரு கூறுகெட்டவன்" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முதல் மாத்திரையை என் கையிலேயே பிரித்துப் போட்டார். அதற்குள் வேன் பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். அதில் ஒருத்தி, "ஏ மதினி, இந்த வாய் இருக்கிற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மாத்திரை விடாமல் கிடைத்தது. ஸ்டாக் தீர்வதற்கு முன்னாலேயே அண்ணாச்சி சொல்லி அனுப்புவார். அடுத்த நடைப் பரிசோதனைக்குப் போனபோது அந்த வராந்தாவில் நான் உட்காரவே இல்லை. ஸ்டூலைச் சுற்றினேன், சுற்றினேன், நர்ஸம்மா நிறுத்தச் சொல்லும்போது இன்னொரு சுற்று வரட்டுமா என்று கேட்டேன். ஓரத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "விடாத புள்ள!" என்று கத்தி, நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கினார்.

நடுவில் கால் வீங்கிக் கிடந்ததைச் சொன்னதும், ஏன் அப்படி ஆனது என்று டாக்டரம்மா கேட்டார். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "வேற சில பேருக்கும் இப்படித்தாம்மா. இங்க கொடுத்தவரைக்கும் நல்லா இருந்தாங்க, வெளியில வாங்க ஆரம்பிச்சதும் நடை குறைஞ்சிடுச்சு. மருந்துதான் சரியா வேலை செய்யலையோன்னு குழம்பிட்டிருந்தோம்" என்றார். உடனே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதில் சிலர் வாய் திறந்தார்கள். அவர்களுக்கும் கடைக்குப் போகவே கூசியிருக்கிறது.

அன்றைக்கு வராந்தா பெஞ்சில் காரியாபட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனதும், அவள் புருஷன் மேலே ஃபேனைப் பார்த்தார். நான் எழுந்திருப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, நானும் இதே ஃபேனைத்தான் பாத்தேன்" என்று ஆரம்பித்து, விசில் அடித்த கதை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். எனக்கு அந்த நிமிஷத்தில் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

தை மாசம் மறுபடியும் அந்த மேட்டில் ஏறி வேனைப் பிடித்தேன். இப்போதும் அந்த மாத்திரையைப் பேர் சொல்லி உரக்கத்தான் கேட்டு வாங்குகிறேன்; என்னைப் போல இன்னொருத்தி வீட்டு ஆள் வாயடைத்து கடை வாசல் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தால், என் குரலைக் கேட்டாவது அவர் தன் மருந்துச் சீட்டை நீட்டட்டும் என்றுதான்.