விஷம் இல்லாத எலிக்காரன்

அச்சன்புதூர் ரோட்டில் இருந்த ரைஸ் மில்லில் இசக்கிப்பாண்டி சேர்ந்தது சாக்குத் தைக்க. ஒரு ஆடி மாதம் குடோனில் பெருச்சாளி பெருகி, மூட்டைகள் அடியில் பொத்துக்கொண்டு ஒழுக ஆரம்பித்தன. எந்த வளையில் உயிர் இருக்கிறது, எது காலி என்று மண்ணை மோந்து பார்த்தே அவன் சொன்னான். அன்றோடு கையிலிருந்த கோணி ஊசி போய், பொறியும் மண்வெட்டியும் புகைச்சட்டியும், பூட்டுப் போட்ட தகர டப்பாவில் எலி மருந்தும் வந்தன. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் லாட்ஜுக்காரர்களும் ஆள் அனுப்புவார்கள். பெண் கேட்டுப் போகிற வீட்டில் மட்டும், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால், அவன் அம்மா மூக்கம்மாள் "மில்லுல" என்பதோடு வாயை மூடிக்கொள்வாள்.

அவனுக்கு இருந்த ஒரே கூட்டாளி மைதீன். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மைதீன் துபாய்க்குப் போனான். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து நட்டெலும்பு போயிற்று. எண்பத்திரண்டு மார்ச்சில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வேனில் படுத்தபடியே ஊர் வந்து சேர்ந்தான். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. அவனுடைய உம்மா சுல்தான் பீவி, குழந்தைக்குச் செய்த அத்தனையும் முப்பது வயதுப் பிள்ளைக்கு மறுபடி செய்தாள்.

சாயங்காலம் மில் விட்டதும் இசக்கி நேரே அங்கேதான் போவான். பேச்சு கொஞ்ச நாளில் தீர்ந்துபோனது. பிறகு ஒருநாள் மைதீன் தலையணைக்கு அடியிலிருந்து ஓர் இங்கிலீஷ் புத்தகத்தையும் ஒரு பை நிறைய விசித்திரமான பகடைகளையும் எடுத்தான். எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம்கூட இருந்தது. துபாய் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஸ்காட்லாந்துக்காரன் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன விளையாட்டு.

"நான் கதை சொல்லுவேன்லே. ஒரு பாழடஞ்ச கோட்டை, அதுக்கு அடியில சுரங்கம். நீ அதுக்குள்ள ஒரு ஆளா நடக்கணும். என்ன செய்யுதேன்னு நீ சொல்லு. நடக்குமா நடக்காதான்னு இந்தப் பகடை சொல்லும்."

ஆள் நாலு வகை. வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன். இசக்கி வாள்வீரனை எடுத்தான். முதல் சுரங்கத்திலேயே ராட்சச எலிகள் கடித்து வீரன் செத்தான். இன்னொரு வீரன், அவனும் செத்தான். நாலாவது வீரனும் எலியிடமே சாகவும் இசக்கிக்குப் பொறுக்கவில்லை.

"இவனுக எல்லாம் எலியக் கண்ணால பாத்திருக்கானுகளா? வாளத் தூக்கிட்டு எலிகிட்டப் போவானாலே எவனாவது? என்னை மாதிரி ஒரு ஆளு உன் புஸ்தகத்துல கெடையாதா?"

மைதீன் சிரித்தான். ஊர் வந்து ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகி, அன்றுதான் முதல் சிரிப்பு. அடுப்படியிலிருந்து சுல்தான் பீவி எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி அடுப்பை ஊதப் போனாள்.

இல்லாத ஆளை உண்டாக்க உட்கார்ந்தார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் மைதீன் எழுதினான். பேர், எலிக்காரன். இருட்டில் காது கேட்கும், சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை உருப்படி என்று சொல்வான். ஆள் நுழையாத பொந்தில் நுழைவான். கடிபட்டுக் கடிபட்டு விஷக்காய்ச்சல் அவனை அண்டாது. வெட்டவெளியில் சண்டை என்றால் சுண்டெலிக்குச் சமம். ராஜாவின் கொலுமண்டபத்துக்குள் சேர்க்க மாட்டார்கள்.

"அத ஏம்லே எழுதுத?" என்றான் இசக்கி.

"பலம் இருந்தா பலவீனமும் இருக்கணும். அதான் கணக்கு. உன்னை எவன் வீட்டுக்குள்ள விடுதான்?"

"குடோன்ல எலி கத்துச்சுன்னா விடுதான்லா."

"சரி, அதையும் எழுதுதேன். கொள்ளை நோய் வந்தா ராஜாவே வாசலுக்கு வந்து கூப்பிடுவாரு."

மே மாதம் முழுக்க இப்படிப் போயிற்று. ஜூனில் சாரல் இறங்கியது. ஜன்னல் வழியாகத் தூவானம் கட்டிலை நனைத்தது. மைதீனின் முதுகில் படுக்கைப்புண் பெரிதாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் வந்தார்கள். அதற்குப் பிறகு அவன் எலிக்காரனின் மருந்தைப் பற்றியே கேட்டான். எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும், சத்தம் வருமா, சோற்றில் கலந்தால் தெரியுமா. விளையாட்டுக்கு விதி எழுத வேண்டுமே என்று இசக்கியும் தெரிந்ததைச் சொன்னான்.

"அந்த டப்பாவக் கொண்டு வாலே. மேல ஒட்டியிருக்கதப் பாத்துச் சரியா எழுதிருதேன்."

மறுநாள் இசக்கி டப்பாவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். மைதீன் நோட்டை நீட்டினான். பக்கத்தில் கட்டம் போட்டிருந்தது. இடது பக்கம் மிருகங்களின் பேர், வலது பக்கம் எடை, அந்த எடைக்கு எவ்வளவு மருந்து என்று எழுதக் காலி இடம். சுரங்க எலி, குகை வௌவால், முதலை. எல்லாவற்றுக்கும் அடியில் பேர் எழுதாமல் ஒரு வரி, நாற்பத்திரண்டு கிலோ.

போன வாரம் ஆஸ்பத்திரியில் மைதீனைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறியவன் இசக்கி. பிறகு அவனைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தான் மட்டும் ஏறினான். நர்ஸ் கழித்துப் பார்த்துச் சீட்டில் எழுதியது அந்த எண்.

இசக்கி நோட்டைக் கட்டிலில் போட்டான். துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான்.

"உக்காருலே," என்றான் மைதீன். குரல் அமைதியாக இருந்தது. "நீ தர வேண்டாம். மறந்து வச்சுட்டுப் போயிரு. அம்புட்டுத்தான்."

"என் கையாலயாலே? என் கையாலயா?"

"வேற எவன் கை இருக்கு எனக்கு? நடந்துபோய் வாங்க முடிஞ்சா உங்கிட்ட ஏம்லே கேக்குதேன்? புண்ணுல புழு வச்சிருக்குலே. உம்மா அதத் துடைக்கும்போது மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அழுதா. நான் பாக்கலன்னு நெனச்சுக்கிடுதா."

இசக்கி வெளியே வந்து சைக்கிளை எடுத்தான். சிற்றாற்றுப் பாலம் வரை மிதித்து, இறங்கி ஆற்றில் கையைத் தேய்த்துக் கழுவினான். எத்தனை ஆயிரம் எலிகளைக் கொன்ற கை! அன்றைக்குத்தான் அதைப் பார்க்க அவனுக்கே பயமாக இருந்தது. டப்பாவை மில்லில் வைத்துப் பூட்டினான். பொழுது இறங்குமுன் திரும்பி வந்து, அடுப்படியில் சுல்தான் பீவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து மாத்திரை, கத்தி, மண்ணெண்ணெய் எதுவும் அந்த அறைப் பக்கம் வரவில்லை.

உம்மாவிடம் சொல்லிவிட்டான் என்று மைதீன் இருபத்திரண்டு நாள் இசக்கியோடு பேசவில்லை. இசக்கி தினமும் வந்தான். புண்ணைத் துடைக்கும் வேலையை உம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டான். அழுகல் வாடை அவனுக்குப் புதிதல்லவே. முதல்நாள் மைதீன் அவன் முகத்தில் துப்பினான். இசக்கி தோளில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

இருபத்துமூன்றாம் நாள் நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைக் கிழித்தான் இசக்கி.

"எலிக்காரன்கிட்ட மருந்து கெடையாது. பொறி, புகை, கை. அவ்வளவுதான்."

மைதீன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "மருந்து இல்லன்னா மொத வளையிலயே செத்துப்போவான்."

"செத்தா சாவட்டும். பகடைய உருட்டி வேற ஒருத்தன உண்டாக்கிக்கிடுவோம்."

"அப்ப புகைக்குத் தனியா விதி எழுதணும்லே," என்றான் மைதீன் எரிச்சலோடு. "காத்து எந்தப் பக்கம்னு பாக்கணும்."

அந்த எலிக்காரன் எட்டாம் லெவல் வரை போனான். மைதீன் எண்பத்தாறு கார்த்திகை வரை இருந்தான். நல்ல நாள் கொஞ்சம், பொல்லாத நாள் நிறைய. கடைசியில் புண் வழியாக ஏறிய காய்ச்சல், ஆஸ்பத்திரியில் மூன்று நாளில் கொண்டுபோயிற்று.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து எல்லோரும் போன பிறகு, சுல்தான் பீவி இசக்கிக்குச் சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மக்கா, மறைக்காமச் சொல்லு. அதுக்கப்புறம் அவன் உங்கிட்ட அந்த மருந்தக் கேட்டானா?"

மைதீன் பதினோரு தடவை கேட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் முடியாது என்று சொல்லிவிட்டு, ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்து, செய்தது சரியா தப்பா என்று தெரியாமல் இசக்கி அழுதிருந்தான்.

"இல்ல உம்மா," என்றான். "ஒரு தடவகூட இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். சோற்றில் மொய்த்த ஈயைக் கையால் விரட்டினாள்.

"எங்கிட்டக் கேட்டாம்ப்பா," என்றாள்.