காற்று வராத ஆடி

அருவியில் தண்ணீர் இல்லாத ஓர் ஆடி மாதத்தில் என் அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. குற்றாலத்துப் பாறைகளில் ஈரக்கோடு மட்டும் தெரிந்த வருஷம் அது. செங்கோட்டைக் கணவாய் வழியே வரவேண்டிய காற்று வரவேயில்லை. கார்ப் பருவ நெல் நாற்றை நட்டுவிட்டு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள் எங்கள் ஆட்கள். இவள் மட்டும் தலைநிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு தென்காசித் தெருவில் குடமும் கையுமாகக் கலகலவென்று போய் வந்துகொண்டிருந்தாள்.

"ஊரே வயலப் பாத்து அழுதுட்டு இருக்கு, இவளுக்குச் சிரிப்பாணி பொங்குதே" என்று பக்கத்து வீட்டு மதினி என் காதுபடவே சொன்னாள்.

அக்கா விடுவாளா? "நான் அழுதா மழை வந்துருமா மதினி? வரும்னு சொல்லுங்க, ஒரு மூச்சு அழுதுட்டு வாரேன்" என்றாள்.

சிரிப்புக்குக் காரணம் எனக்குத் தெரியும். அத்தான் கப்பலில் இருந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கரி சுமக்கப் போனவர், கொழும்புக்குப் போய், அங்கிருந்து பெரிய நீராவிக் கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளும் வேலையில் சேர்ந்துவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஆனி, ஆடியில் காற்றும் தூறலுமாக வரும் சாரல் என்றால் கொண்டாட்டம். அக்காவுக்கு அதுதான் பயம். ஆனியில் காற்று கிளம்பி கூரை ஓடுகளைக் கடகடவென்று ஆட்டியதும் அவளுக்குச் சோறு இறங்காது. "இங்கனயே இந்தப் போடு போடுதே, அங்கன தண்ணிக்கு நடுவுல அவிய என்ன பாடு படுதாவளோ" என்பாள். மலைக்கு அந்தப் பக்கம் கடல், அந்தக் கடலிலிருந்துதான் இந்தக் காற்று வருகிறது, ஆகவே ஓடு ஆடினால் கப்பலும் ஆடும். இதுதான் அவள் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாரலில் பிறந்து சாரலில் வளர்ந்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அதனால்தான் காற்றே வராத அந்த வருஷம் அவளுக்கு நல்ல வருஷமாகிவிட்டது. ஆடி அமாவாசைக்கு அருவியில் முழுக வந்த சொந்தக்காரர்கள், சொட்டுகிற தண்ணீரைக் கையால் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டு முகம் வாடி வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் அத்தனை பேருக்கும் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அக்கா ஒருத்தியே செய்து போட்டாள். "கடல் தூங்குது, நாமளும் சாப்பிட்டுத் தூங்குவோம்" என்று அவள் சொன்னதை நாங்கள் பல நாள் சொல்லிச் சிரித்தோம்.

கார்த்திகையில் அத்தான் வந்தார். சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தோம், இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி, வெந்த கத்தரிக்காய்போல இருந்தது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தபோது நிலைதடுமாறி அடுப்புக் கதவின்மேல் விழுந்துவிட்டாராம். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, ஊளையிடுகிற குளிர்காற்றில், மூன்று நாள் அலை அடித்த அடியில் கப்பலில் ஒருவராலும் நிற்க முடியவில்லையாம்.

"என்னைக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"தேதி எவன் கண்டான்? ஆடி அமாவாசைக்கு நம்ம பக்கத்து ஆளுக நாலு பேரும் எள்ளும் தண்ணியும் விட்டோம். அதுக்கு மறுநாள்."

அக்கா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று முதல் அவள் வாயிலிருந்து ஒற்றை வார்த்தைக்கு மேல் வரவில்லை. கைக்கு மருந்தெண்ணெய் போடுவாள், சோறு வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் நான்தான் அவரிடம் உளுந்தஞ்சோற்றுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "கிறுக்குப் பய மவ" என்றார், மெதுவாக. அப்புறம் வெகுநேரம் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கை ஆற மாசங்கள் ஆயின. ஆனி முடிந்ததும் திரும்பப் போவதாகக் கொழும்புக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆனியில் ஆலங்குளத்தில் எங்கள் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். மூன்று பேரும் மாட்டுவண்டியில் புறப்பட்டோம். சாரல் நன்றாகவே பிடித்திருந்தது. தென்காசியை விட்டு வெளியே வருவதற்குள் அக்காவின் சேலை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. பாவூர்ச்சத்திரம் வந்ததும் தூறல் நின்று வெறும் காற்று. அதற்கு அப்பால் மாடுகளின் காலடியில் புழுதி எழும்பியது. ஆலங்குளத்தை நெருங்கும்போது பனைமரத்து நிழல்கூடச் சுட்டது.

அத்தான் அக்காவின் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். "ஏட்டி, காலைல நனைஞ்ச சேலை இது. காஞ்சிட்டா?"

அவள் முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு பொழுது வண்டியோட்டத்துக்குள்ள நம்ம சீமையிலயே இத்தனை மாத்தம் இருக்கு. இன்னும் தள்ளி நம்ம திருவேங்கடம் ஊரு வரைக்கும் போனா, அங்க உள்ளவன் சாரல்னு ஒண்ணு உண்டான்னு கேப்பான். கடலு எம்புட்டுப் பெருசு? கொழும்புல இருந்து தெக்க போனா காத்தே இல்லாத எடம் வரும். எண்ணெய ஊத்தி வச்ச மாதிரி தண்ணி, திடீர் திடீர்னு மழை கொட்டும், புழுக்கம் ஆளக் கொல்லும். அதத் தாண்டினா எப்பப் பாத்தாலும் ஒரே பக்கத்துக் காத்து, மாறவே மாறாது. அதுக்கும் தெக்க நல்ல வெயிலு, மேகத்தையே காணாது. இன்னும் கீழ எறங்கினா, நம்ம ஆடிதான் அங்கன உள்ளவனுக்கு மார்கழி. குளிரும் காத்தும் சேந்து அறையும். இங்கன ஓடு ஆடினாலும் ஆடாட்டியும் அங்கன அறையும். நீ சிரிச்சதுக்கும் என் கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, கேட்டியா?"

இப்படி அவர் நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வண்டிக்காரர்கூட மாட்டை விரட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அக்காவுக்கும் ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

அவள் காய்ந்த முந்தானையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே, ஏழெட்டு மாசத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்படின்னா இனிம நான் எதப் பாத்து நீங்க எப்படி இருக்கீயன்னு தெரிஞ்சுக்கிட?"

அத்தான் வண்டிக்காரரிடம் மாட்டை விரட்டச் சொன்னார்.

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் இதை யோசித்ததே இல்லை. தப்போ சரியோ, அந்தக் காற்று அவளுக்கு ஒரு துணையாக இருந்திருக்கிறது. பயந்தாலும் அவரோடு சேர்ந்து பயந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய பயத்தை எடுத்துவிட்டார். கூடவே அந்தத் துணையையும் எடுத்துவிட்டார்.

அத்தான் மறுபடி கப்பலுக்குப் போகவில்லை. கை ஒத்துழைக்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டார். அதே கையால்தான் பிறகு பல வருஷம் கமலையில் மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தார், ஏர் பிடித்தார், என் பிள்ளைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. அக்காகூடக் கேட்கவில்லை.

இன்று அவர்கள் இருவரும் இல்லை. கடலில் எங்கே புயல், எங்கே அமைதி என்று வானொலியே சொல்லிவிடுகிறது. நான் ஒரு காது கொடுத்துக் கேட்டுவிட்டு மறந்துபோகிறேன். அக்கா அப்படி மறந்தவள் இல்லை. அத்தான் வீட்டோடு இருந்த அத்தனை வருஷமும், சாரல் பிடித்த சாயங்காலங்களில், சோற்றைப் போட்டுவிட்டு அவரிடம் கேட்பாள்: "இப்பக் கீழ, அந்தக் குளிருக் கடல்ல எப்படி இருக்கும்?"

"அறையும்" என்பார் அவர்.

"எவ வீட்டுக்காரர் அங்கன நிக்காவளோ" என்பாள். அதற்குப் பிறகுதான் தன் தட்டில் சோற்றைப் போட்டுக்கொள்வாள்.