பன்னிரண்டு எலுமிச்சம்பழங்கள்

இல்ஃபோர்டில் நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். சென்ற வாரம் என் கூடையைப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, ஒரு டசின் தேசிக்காய்? ஊறுகாய் போடப் போறியளோ?" என்று கேட்டார். எலுமிச்சம்பழத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டுதான் இருந்தன. வீட்டுக்கு நான்கு போதும். எட்டைத் திருப்பி வைத்துவிட்டு, குடையை மறந்து, பாதி வழியிலிருந்து திரும்பி நடந்தேன்.

எல்லாம் என் மகளால் வந்தது. பிரான்சில் நான் சிறுவயதில் வாழ்ந்த சின்ன ஊரில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கும். இப்போதும் நடக்கிறது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். "நீங்க படிச்ச ஊர்தானேப்பா. என்ட்ரிகூட ஃப்ரீ. ரயில்ல போய் ரெண்டு நாள் இருந்துட்டு வந்துடலாம்" என்கிறாள். இது ஐந்தாவது வருடமாகக் கேட்கிறாள். முதல் வருடம் முழங்கால் வலி என்றேன். அடுத்த வருடம் மழை, அதற்கடுத்து பாஸ்போர்ட், போன வருடம் அங்கே கிடைக்கும் சாப்பாடு. இந்த வருடம் சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. உண்மைக் காரணத்தை எழுதித்தான் வைக்க வேண்டும்.

என் அப்பா புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். எனக்கு ஆறு வயதானபோது அம்மாவையும் என்னையும் பிரான்சுக்கு அழைத்துக்கொண்டார். ஊருக்கு நடுவே ஓர் ஆறு ஓடியது, மேட்டில் பட்டாளக் குடியிருப்பு. எங்களைத் தவிரப் புதுச்சேரிக் குடும்பங்கள் ஆறு அங்கே இருந்தன. எங்களில் ஒருவரைத் தெருவில் பார்த்தால் ஊரார் 'பட்டாளத்து ஆள்' என்று நினைத்துக்கொள்வார்கள். யாருக்கு யார் அப்பா என்று ஆராய மாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது. ஏனென்றால் அப்பா பட்டாளத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்தார். பள்ளியில் நான் அவருக்கு அலுவலகத்தில் வேலை என்று சொல்லியிருந்தேன். இதை முதல் பொய் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பத்து வயதானபோது அந்தத் திருவிழாவின் மேடையில் வாசிக்க எங்கள் வகுப்பின் முப்பத்தோரு பேரில் மூவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் இரண்டாவது. திருவிழா ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய தானியச் சந்தைக் கூடத்தில் நடக்கும். நுழையக் கட்டணம் கிடையாது. எழுத்தாளர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், பக்கம் புரட்டலாம், வாங்காமலும் வரலாம். பெற்றோர் வர வேண்டியதில்லை என்று ஆசிரியை சொன்னதாக வீட்டில் சொல்லிவைத்தேன். அது இரண்டாவது.

அப்பா அதை மறுக்கவில்லை. முந்தின நாள் மட்டும், "எழுதுறவங்க எத்தனை பேருடா வர்றாங்க?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு" என்றேன். எதையும் எண்ணி வைத்திருக்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. அவர் "பன்னெண்டு" என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். மூன்று மணிக்கு வாசிப்பு. மேடை ஓரத்தில் காகிதத்தோடு நின்றிருந்தேன். பக்கத்தில் முதலில் வாசிக்கவிருந்த டாக்டரின் மகன். அந்த வருடம் முழுக்க நான் யாருடைய நட்புக்கு ஏங்கினேனோ அவன்தான். அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார். கையில் துணிப்பை. புத்தகம் இருக்கும் இடமாயிற்றே, செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று ஒரு கணம் தன் சப்பாத்துகளைக் குனிந்து பார்த்தார். பிறகு மற்றவர்களுடைய கால்களைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்தார்.

முதல் மேசைக்குப் போனார். பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, இரண்டு கையாலும் அந்த எழுத்தாளரின் முன்னால் வைத்து, கும்பிட்டார். உடனே அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

நம் வீடுகளில் பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனால் ஓர் எலுமிச்சம்பழமாவது கொடுப்பது வழக்கம். அதை நான் அந்தக் கூடத்தில் யாருக்கு விளக்குவது? முதல் மேசை அம்மையார் பழத்தை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். இரண்டாமவர் விழாக்காரர்கள் கொடுத்தனுப்பியது என்று எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாமவர் சட்டைப்பையில் சில்லறை தேடினார். நான்காமவர் அப்படியும் இப்படியும் பார்த்தார். ஐந்தாவது பழத்தை மேசையில் வைத்து நிமிர்வதற்குள், கையில் பட்டை கட்டிய விழாக்குழுப் பெண்மணி வந்துவிட்டார்.

"எலுமிச்சம்பழக்காரன்!" என்று டாக்டரின் மகன் என் விலாவில் இடித்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்தப் பெண்மணி ஏதோ கேட்டார். அப்பா ஏதோ சொன்னார். இரைச்சலில் பெண்மணிக்குப் புரியவில்லை போலிருக்கிறது. சுற்றிலும் பார்த்த எங்கள் ஆசிரியை என்னைக் கையசைத்து அழைத்தார். "உனக்கு அவர் மொழி தெரியுமே. என்ன செய்கிறார் என்று கேட்டுச் சொல்."

போனேன். டாக்டரின் மகன் பின்னாலேயே வந்தான். என்னைக் கண்டதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. 'அப்பா' என்று அழைத்தால், தந்தையை 'பாப்பா' என்று அழைக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் புரிந்துவிடும் என்று தோன்றியது. அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, வழிப்போக்கரிடம் கேட்பதுபோல், "என்ன பண்றீங்க இங்க?" என்றேன்.

மலர்ந்த முகம் அப்படியே பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். என் பின்னால் நின்றவனைப் பார்த்தார். ஆசிரியையைப் பார்த்தார்.

"பெரியவங்களைப் பார்க்க வெறுங்கையோட வரக் கூடாதுல்ல தம்பி. அதான்" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் பெண்மணி.

"எலுமிச்சம்பழம் விற்க வந்திருக்கிறாராம், மதாம்."

அது மூன்றாவது.

பெண்மணி கோபிக்கவில்லை. உள்ளே புத்தகம் தவிர வேறெதுவும் விற்கக் கூடாது, வாசலுக்கு வெளியே நின்று விற்றால் தடையில்லை என்றார். பிறகு காது கேளாதவரிடம் பேசுவதுபோல் உரக்க, நிறுத்தி நிறுத்தி, விலை என்ன என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா தலையசைத்து மறுப்பார், எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்று பயந்தேன்.

அப்பா நிமிர்ந்து நின்றார். அணிவகுப்பில் பதில் சொல்வதுபோல், சுத்தமான பிரெஞ்சில், "ஒன்று இருபது சந்தீம், மதாம்" என்றார். மூன்றாம் மேசைக்காரர் நீட்டிய நாணயத்தை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, பையோடு வெளியே போனார்.

மூன்று மணிக்குப் பிறகு என் முறை வந்ததும் வாசித்தேன். இருபத்தேழு வரி, ஒரு பிழையில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அப்பா மிச்சமிருந்த ஏழு பழங்களை விற்றுக்கொண்டிருந்தார். போகிற வருகிறவர்களிடம் ஒவ்வொன்றாக நீட்டினார். பட்டை கட்டிய பெண்மணியே போய் இரண்டு வாங்கினார். நடுவில் ஒருமுறை அப்பா கண்ணுக்கு இருபுறமும் கையை அணை கொடுத்து, கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் சொன்ன பொய்க்காகக் கூசவில்லை. மனிதர் உண்மையிலேயே விற்க ஆரம்பித்துவிட்டாரே, கொஞ்சமும் வெட்கமில்லையா என்றுதான் கூசியது.

மாலையில் அம்மா விசாரித்தது அடுத்த அறையில் இருந்த என் காதில் விழுந்தது.

"பழம் எல்லாருக்கும் குடுத்தீங்களா?"

"ஒண்ணுகூட மிச்சமில்ல."

"புள்ள படிச்சானா?"

"கண்ணாடி வழியாப் பார்த்தேன். அவன் வாய் ஒரு எடத்துலகூட நிக்கல."

"ஏன், உள்ள போகலையா?"

"உள்ள ஒரே கூட்டம்."

நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். என் வேகமான பிரெஞ்சு அப்பாவுக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டினேன். கொடுத்தது ஐந்து, விற்றது ஏழு, மொத்தம் பன்னிரண்டு. என் கணக்கு சரியாக இருந்தது.

பதினான்கு வருடம் பிரெஞ்சு அதிகாரிகளின் அதட்டலைக் கேட்டு வேலை பார்த்தவருக்கு ஒரு பள்ளிப் பையனின் பிரெஞ்சு எப்படிப் புரியாமல் போகும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. அவர் சொன்ன விலை, அவர் சந்தையில் வாங்கிய விலைக்கும் குறைவு என்பதும் தெரியாது. ஆசிரியை முன்னால் தன் மகன் பொய்யனாகிவிடக் கூடாது என்று நின்ற இடத்தில் ஒரு விலையைக் கண்டுபிடித்து, அதை மெய்யாக்க ஏழு பழங்களையும் விற்றுத் தீர்த்திருக்கிறார். அந்த வாசிப்பைக் கேட்கத்தான் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வீட்டில் என்னை 'டேய்' என்பார், கோபம் வந்தால் முழுப் பெயரைச் சொல்வார். ஊரான் பிள்ளையை அழைப்பதுபோல் 'தம்பி' என்று அவர் என்னை அழைத்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். மேசைகளை, வரிகளை, பழங்களையெல்லாம் எண்ணி வைத்த நான், அன்று அதை மட்டும் எண்ணவில்லை.