மாஸ்டரின் கை

பல்லக்காவுக்கு நாற்பத்தாறாம் வயதில் கோபம் வந்தது. அதற்கு முன்னும் வந்ததுண்டு. ஆயினும் அவையெல்லாம் ஈரத் துண்டைக் கட்டிலின்மேல் எறியும் கணவரை நோக்கிய சில்லறைக் கோபங்கள். இது வேறு. அமெச்சூர் வானொலிக் கழகத்தின் ஆண்டு விழாவில், மூன்றாம் வரிசையில், ஒரு கால் குட்டையான நாற்காலியில் அமர்ந்திருக்கையில் இது வந்தது. மேடையில் அவள் கணவர் 'ஆண்டின் சிறந்த கை' என்னும் கோப்பையை வாங்கிக்கொண்டு விடாமுயற்சியைப் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது வருஷம். தினமும் ஒரு மணி நேரம். விரல் மரத்துப்போற வரைக்கும் அடிச்சிருக்கேன்."

மரத்துப்போன விரல் பல்லக்காவினுடையது.

பல் செட் செய்வது அவள் தொழில்; பல்லக்கா என்னும் பெயரும் அதனால் வந்ததே. பல்மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் மெழுகால் ஈறு கட்டி, பல் பதித்து, முழு வாயையும் படைத்துத் தருவாள். அவளுடைய மாடியறை மேசையில் எந்நேரமும் இருபது தாடைகளாவது சீட்டு ஒட்டிக்கொண்டு வாய் பிளந்து கிடக்கும். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கைவண்ணம். சிரித்தவர் ஒருவரும் அவளைக் கண்டதில்லை.

கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஆசான், ஊருக்கே மாஸ்டர். பிறர் வண்டியோட்ட, தாம் அருகமர்ந்து, இரண்டாம் பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு அதட்டுவது அவர் பிழைப்பு. வீட்டிலும் அதே முறைதான். ஒன்பதாண்டுகளுக்கு முன் அவர் வானொலி உரிமத் தேர்வு எழுதித் தேறினார். திருவருள் காரணம் கூறாமல் செய்யும் செயல்களுள் அதுவும் ஒன்று. கருவி வந்தது, மொட்டைமாடியில் ஆண்டெனா எழுந்தது, மோர்ஸ் விசை மேசையேறியது. மூன்றாம் நாள் மாஸ்டர் சொன்னார்: "நீ ரெண்டு வரி அடிச்சுட்டிரு, நான் கை அலம்பிட்டு வந்துடறேன்."

கை அலம்பப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

மோர்ஸ் என்பது குறிலும் நெடிலுமாகிய இரண்டே ஒலிகளால் உலகத்தையெல்லாம் பேசிவிடும் ஏற்பாடு. ஆனால் குரலைப் போலவே கையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். மெழுகுக் கத்தியை ஓரத்தில் இழைத்து எடுத்துப் பழகிய பல்லக்கா, எழுத்தின் ஈற்றில் வரும் நெடிலை ஓர் இம்மி நீட்டிவிடுவாள். கடல் கடந்தும் அந்த இம்மியை அறிந்தவர் பலர். அவர்களுக்கெல்லாம் அது மாஸ்டரின் கை. உரிமம் இல்லாதவர் பிறருக்கு அரசு வழங்கிய அழைப்புக்குறியில் ஒலிபரப்புவது குற்றம். வெளிப்பட்டால் உரிமம் உடையவருக்கு அது பறிபோகும், இல்லாதவருக்கு இனிக் கிட்டாது.

விழா முடிந்த மறுநாள் காலை பல்லக்கா விண்ணப்பப் படிவத்தை நிரப்பினாள்.

"உனக்கெதுக்குடி லைசென்ஸ்? என்னோடதுலதான் அடிச்சிட்டு இருக்கியே!"

"உங்களோடதுல அடிச்சது போதும்."

"டெஸ்ட் எடுக்கப்போறது கப்பல்காரர். வாரத்துல நாலு நாள் உன்கூடப் பேசற மனுஷன். ஒரு வரி கேட்டா போதும், பிடிச்சிடுவாரு."

"என்கூட எங்கே பேசினாரு? உங்ககூடத்தானே பேசறாரு."

"அதைத்தான் சொல்றேன்! என் லைசென்ஸ் போயிடும்."

"போனா என்னங்க? நீங்கதான் கை அலம்பிட்டிருக்கீங்களே."

கப்பல்காரர் முப்பதாண்டுகள் கப்பல்களில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அனுமதியின்றிப் பேசினான் என்று தம் சொந்த மருமகனையே இலாகாவுக்கு எழுதிக்கொடுத்த உத்தமர். நேரில் அவர் வாயிலிருந்து நான்கு சொற்களைப் பெறுவது அரிது. விசையைத் தொட்டாலோ மடை திறந்துவிடும்: முழங்கால் வலி, மருமகளின் சுடுசொல், பேசும்போது கழன்று விழும் கீழ்ப்பல் செட். மதத்தையும் அரசியலையும் வணிகத்தையும் வானலையில் பேசலாகாது என்பது விதி. பல் செட்டைப் பற்றி விதி மௌனம் சாதிக்கிறது. எனவே பின்புற விளிம்பு உயரம், அதை இவ்வளவு ராவச் சொல்லுங்கள் என்று பல்லக்கா மாஸ்டரின் பெயரால் நுணுக்கமாக ஆலோசனை கூறியிருந்தாள்.

மாஸ்டருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஒன்பதாண்டுகளில் அவர் நல்கிய ஒரே பங்களிப்பு அது.

"இடது கையால அடி!"

இறைவன் மனிதருக்கு இரண்டு கைகளை அருளினான். இரண்டையும் பழக்கித் தரும் பொறுப்பை மட்டும் தட்டிக்கழித்துவிட்டான். பல்லக்கா ஒரு மாதம் பயின்றாள். தகரக் கூரையில் கற்கள் உருளுவதைப் போன்ற ஒலிதான் கைகூடிற்று.

மிதிவண்டிக் கடை மாடியிலிருந்த கழக அறையில் தேர்வு நடந்தது. எழுத்துத் தேர்வில் பல்லக்கா ஐம்பதுக்கு நாற்பத்தேழு பெற்றாள். மோர்ஸைக் கேட்டு எழுதுவதில் பிழையே இல்லை. எஞ்சியது அனுப்புதல்: ஒரு பத்தி, ஐந்து பிழை வந்தால் தோல்வி, அடுத்த தேர்வு ஓராண்டுக்குப் பின். இலாகா அதிகாரி முத்திரையை அருகில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் ஆழ்ந்திருந்தார். கப்பல்காரர் பென்சிலோடு எதிரே அமர்ந்தார். மாஸ்டர் வாசற்படியில் நின்று, இல்லாத பிரேக்கை வலக்காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

முதல் வரியில் மூன்று பிழை. இரண்டாம் வரி தொடங்குமுன்னே நான்காவதும் விழுந்தது.

கப்பல்காரர் பென்சிலைத் தூக்கினார். "ஏம்மா, நீங்க இடக்கையா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கொடுமை?"

பல்லக்கா தன் இடக்கையைப் பார்த்தாள். இன்னும் ஒரு பிழை என்றால் ஓராண்டு. அந்த ஓராண்டில் இன்னொரு விழா, இன்னொரு கோப்பை, விடாமுயற்சியைப் பற்றி இன்னோர் உரை. வாசலில் மாஸ்டர் ஊர் கேட்க இருமினார். அவள் விசையை வலப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

குறிலும் நெடிலும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு புறப்பட்டன. மூன்றாம் சொல்லில் கப்பல்காரரின் பென்சில் நின்றது. கண்களை மூடினார். பத்தி முடிந்ததும் திறந்தார், அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அவருடைய கை தானே எழுந்து தாடையைப் பற்றியது.

"மாஸ்டர்..." என்றார், அவளை நோக்கி.

"என்ன சார், பாஸா?" என்றார் அதிகாரி, கைப்பேசியிலிருந்து தலையெடுக்காமல்.

கப்பல்காரர் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அப்போ அந்தக் கீழ்ப்பல்லு விஷயம்..."

"நான்தான் சார். ராவிக் கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க. இப்பல்லாம் விழறதில்லை." அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "மருமகளைப் பத்திச் சொன்னது?"

"அது யாருக்கும் தெரியாது சார். இவருக்கே தெரியாது."

மருமகனையே எழுதிக்கொடுத்தவர் அவர். முறைப்படி மனைவி, கணவன் இருவரையும் இப்போதே அதிகாரியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைத்தால் வாரத்தில் நான்கு நாள் யாரிடம் பேசுவது என்னும் வினா, சட்டத்தைவிடப் பெரிதாக அவர்முன் நின்றது.

"பாஸ்," என்றார். முத்திரை விழுந்தது. பிறகு வாசலுக்குச் சென்று மாஸ்டரின் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடித்தார். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் காத்திருப்பேன். நீங்க அடிக்கணும். நீங்களே. தினமும், ஒரு வருஷம். ஒரு நாள் விட்டாலும் இலாகாவுக்கு லெட்டர் போகும்."

"சார், எனக்குக் காலையில கிளாஸ்..."

"அஞ்சு மணின்னா சௌகரியமா?"

ஆறு வாரங்களுக்குப் பின் பல்லக்காவின் அழைப்புக்குறி தபாலில் வந்தது. ஞாயிறு முற்பகல், மாவும் மெழுகும் போகக் கை கழுவிவிட்டு, முதன்முறையாகத் தன் பெயரால் வானை அழைத்தாள். தொலைதூரத் தீவொன்றின் கலங்கரை விளக்கக் காவலர், பழைய நண்பர், உடனே பதில் தந்தார்.

"மாஸ்டர், குறியைத் தவறாக அடிக்கிறீர்கள்."

மீண்டும் அடித்தாள்.

"உங்கள் கை எனக்குத் தெரியாதா? நல்லவேளை, அகப்பட்டீர்கள். உங்கள் குறியை எவனோ திருடிவிட்டான். தினமும் காலையில் வருகிறான். கேட்கச் சகிக்கவில்லை. புகார் கொடுங்கள்."

பல்லக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து அறையில் செய்தித்தாள் சரசரத்தது.

"யாரது? என்ன சொல்றான்?"

"உங்களைத்தான் விசாரிக்கறாரு."

"நல்லா இருக்கேன்னு சொல்லு!"

அவள் அடித்தாள்: "புகார் வேண்டாம். திருடன் என் வீட்டுக்காரர். பழகிக்கொண்டிருக்கிறார்."

 மறுமுனையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு வினா வந்தது: "அப்படியானால் தாங்கள் யார்?"

பல்லக்கா நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். சொல்வதற்கு நிறைய இருந்தது.